தரம் 8 புள்ளைங்களுக்கு றக்பி பாஸ்: லைன்ல நின்னா சரியா வருது, மெச் தொடங்கினா காணாமப் போகுது

கண்டிச்சாரல்
எல்லாருக்கும் வணக்கம். நான் கண்டிப் பக்கம் ஒரு தமிழ் மொழிமூல கலவன் பாடசாலையில பீ.ரி. படிப்பிக்கிறேன். இந்தத் தவணை தரம் 8க்கு டேக் றக்பி தொடங்கியிருக்கோம், அதாவது ஆளைப் பிடிச்சு விழுத்தாம, இடுப்புல தொங்குற துணிப் பட்டியை (அதுதான் டேக்) இழுத்து எடுத்து மறிக்கிற றக்பி. இலங்கையில பள்ளிக்கூட றக்பி தொடங்கினதே இந்த ஊர்லதான், 1891ல கிங்ஸ்வுட்ல, பிறகு 1906ல கிங்ஸ்வுட்டும் ட்ரினிட்டியும் விளையாடினதுதான் ரெண்டு பள்ளிக்கூடம் மோதின முதல் மெச், கொழும்பு றோயலும் ட்ரினிட்டியும் மோதுற பிராட்பி கேடயம் 1945ல இருந்து நடக்குது, அந்த மெச் நாள்ல டவுன்ல நடக்க ஏலாது, அவ்வளவு சனம். ஆனா எங்க புள்ளைங்க நிறைய பேர் இதை டிவியில மட்டும்தான் பாத்திருக்காங்க, பந்தைக் கையில தொட்டதே இல்ல. அதுனாலதான் ஆசையா தொடங்கினேன்.

இப்ப பிரச்சின என்னன்னா, நாலு பேரை லைன்ல நிக்க வச்சு நடந்துகிட்டே பாஸ் பண்ணச் சொன்னா எல்லாரும் அழகா செய்றாங்க. ஆள் பிரிச்சு மெச் விட்டதும் அது எல்லாம் போயிடுது. வேகமா ஓடுற ரெண்டு மூணு பையன்கள் பந்தைக் கக்கத்துல வச்சுகிட்டு நேரா ஓடுறாங்க, டேக் ஆனதும் எங்கயோ பாத்து எறியுறாங்க, பொம்பளப் புள்ளைங்க ஓரத்துல நின்னு பாத்துகிட்டே இருக்காங்க, ஒரு பையன் கால் கொஞ்சம் இழுத்து நடப்பான், அவன் தானாவே ரெஃப்ரி வேலை கேட்டு வந்து என் பக்கத்துல நிக்கிறான். காது சரியா கேக்காத ஒரு புள்ளையும் வகுப்புல இருக்கா. ஒரு பாடம் 40 நிமிஷம், கிரவுண்டுக்கு வந்து சேரவே அதுல கொஞ்சம் போயிடும், பந்து கொஞ்சம்தான், வகுப்புல 40க்கு மேல.

பாஸும் ஒழுங்கா வரணும், எல்லாரும் உண்மையாவே விளையாடணும். இது ரெண்டையும் ஒண்ணா எப்பிடிச் செய்றது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

வடமராட்சி_மாஸ்டர்
வணக்கம் சேர். நல்ல வேலை தொடங்கியிருக்கிறியள். உங்கட பிரச்சினைக்கு முதல் காரணம் அந்த லைன் பயிற்சிதான் எண்டு நான் நினைக்கிறன். லைனில முன்னுக்கு ஆரும் மறிக்கிறேல்ல, எப்ப குடுக்கோணும், ஆருக்குக் குடுக்கோணும் எண்டு பிள்ளை ஒரு முடிவும் எடுக்கத் தேவையில்ல, பக்கத்தில நிக்கிறவருக்குக் குடுத்தால் சரி. மெச்சில அந்த முடிவுதான் எல்லாமே. ஆனபடியால் அவை லைனில பழகினது பாஸ் இல்ல, கை அசைக்கிறது மட்டும்தான்.

முதல் நாளிலயே ரெண்டு பேருக்கு ஒருவர் விளையாட்டு விடுங்கோ. அஞ்சு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளத்தில கட்டம் போட்டு, ரெண்டு பேர் பந்தோட வருவினம், ஒருவர் மறிப்பார். மறிக்கிறவர் பந்து வச்சிருக்கிறவரிட்ட வந்தால் பக்கத்தில இருக்கிறவரை மறிக்க ஆள் இல்ல எண்டு அர்த்தம், குடு. மறிக்கிறவர் பக்கத்து ஆளை நோக்கிப் போனால் குடுக்காத, நீயே ஓடு. இதைப் பிள்ளையளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்ல, கொஞ்ச நேரத்தில தாங்களாவே கண்டுபிடிச்சிடுவினம். கட்டம் ஆறேழு போட்டால் ஒரு கட்டத்துக்கு ஒரு பந்து காணும், ஆறு பேர் ஒரு கட்டத்தில மாறி மாறி வருவினம், வரிசையில நிண்டு காத்திருக்கிற நேரம் குறையும்.

இன்னொண்டு. உங்கட பொம்பிளப் பிள்ளையள் வலைப்பந்து விளையாடுறவையோ? எங்கட பக்கம் இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைப் பாத்து வளந்த பிள்ளையள், பந்து பிடிக்கிறதில பெடியளை விட கனக்க மேல. ஆனா வலைப்பந்தில பந்து பிடிச்ச உடன கால் நிக்கோணும், பிறகு நெஞ்சில இருந்து முன்னுக்குத் தள்ளுறது. றக்பிக்கு வரேக்க கை நல்லா வேலை செய்யும், கால் நிண்டிடும். பிடிச்ச இடத்திலயே நிக்கிற பிள்ளையைப் பாத்து விளையாட்டுத் தெரியாது எண்டு சொல்லிப்போடாதேங்கோ, அவ பழகின சட்டத்தை ஒழுங்காச் செய்யிறா. பந்து வாங்கி மூண்டடி ஓடிப்போட்டுக் குடு எண்டு மட்டும் சொல்லுங்கோ, ஒரு கிழமையில வித்தியாசம் தெரியும்.

பழைய_ஹூக்கர்
மாஸ்டர் சொன்ன ரெண்டுக்கு ஒண்டு சரிதான், அதோட டெக்னிக்கையும் விட்டுறாதீங்க. நான் கொழும்புல ஸ்கூல் டீம்ல விளையாடினவன், இப்ப சனிக்கிழமைகள்ல சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறேன். என் அனுபவத்துல பாஸை விடப் பிடிக்கிறதைத்தான் முதல் சொல்லிக் குடுக்கணும், ஏன்டா பிடிக்கத் தெரியாதவனுக்குப் பந்து வந்தா பயம், பயம் வந்தா அவன் ஓரத்துக்குப் போயிருவான், நீங்க சொல்ற ஓரத்துல நிக்கிற பிள்ளைகள்ல பாதிப் பேர் கூச்சத்துல நிக்கல்ல, பந்துக்குப் பயந்து நிக்கிறாங்க.

கை ரெண்டும் நெஞ்சு உயரத்துல, பந்து வர்ற பக்கம் பாத்து, முன்கூட்டியே நீட்டி வச்சிருக்கணும். விரல் விரிஞ்சு மேல பாத்து இருக்கணும், பெருவிரல் ரெண்டும் கிட்ட. விரலால பிடிக்கணும், நெஞ்சுல அணைச்சுப் பிடிக்க விடாதீங்க, நெஞ்சுல வாங்கினா திரும்ப எடுத்து வீச ஒரு செக்கன் போயிரும், அந்த ஒரு செக்கன்ல டேக் எடுத்துருவான். குடுக்கும்போது ரெண்டு கையும் பந்துல, தலையைத் திருப்பி ஆளைப் பாத்து, உடம்புக்குக் குறுக்கால வீசி, விட்ட பிறகு விரல் ரெண்டு கையிலயும் அந்த ஆளைக் காட்டிக்கிட்டு நிக்கணும். விரல் எங்க காட்டுதோ பந்து அங்கதான் போகும். பந்து அவன் வயித்துக்குக் குடுக்கக் கூடாது, அவனுக்கு ஒரு எட்டு முன்னால, அவன் ஓடி வந்து எடுக்கிற இடத்துக்கு.

வாங்குறவன் பின்னால இருந்து வேகமெடுத்து வரணும். ஓடுற பஸ்ஸுல ஏறுறவன் நின்னுக்கிட்டு ஏறமாட்டான் தானே, பஸ்ஸோட கொஞ்சம் ஓடித்தான் கம்பியைப் பிடிப்பான், அதே கதைதான். சமமா நிக்கிறவனுக்குக் குடுத்தா பாதி நேரம் ஃபோர்வர்ட் பாஸ் ஆயிரும், அதாவது பந்து முன்னுக்குப் போயிரும், றக்பியில அது பிழை.

பந்து 4ஆம் இலக்கம் எடுங்க. அந்த வயசுக்கு 5 பெருசு, அது 410ல இருந்து 460 கிராம் வரும், சின்னக் கைக்கு சரியா அடங்காது.

சேப்பாக்கம்_விங்கர்
சார் வணக்கம், சென்னையில இருந்து. இங்க ஒரு கிளப்ல ஆடறேன், வாரக் கடைசியில ரெண்டு மூணு ஸ்கூல் பசங்களுக்கு டேக் ரக்பி சொல்லித் தர்றோம். 2025ல ரக்பி பிரீமியர் லீக்ல சென்னை புல்ஸ் கப் அடிச்சதுக்கப்புறம் கொஞ்சம் பேரு வந்து விசாரிக்கறாங்க, அதுக்கு முன்னாடி பந்தைப் பாத்துட்டு இது என்ன சார் முட்டை மாதிரி இருக்குன்னு கேப்பாங்க.

எங்க பசங்க எல்லாம் கபடி ஆடி வந்தவங்க. ஆளோட இடுப்பையும் காலையும் பாத்துத்தான் பிடிப்பாங்க, கண்ணைப் பாத்து ஏமாற மாட்டாங்க, அதனால டேக் எடுக்கறதுல கில்லாடிங்க. கஷ்டம் என்னன்னா முதல்ல கொஞ்ச நாள் டேக்கை விட்டுட்டு ஆளையே பிடிச்சிருவாங்க. பிடிச்சா எதிர் டீமுக்கு ஃப்ரீ பாஸ், அவ்வளவுதான், திட்டவே வேணாம், அவங்களே நிறுத்திருவாங்க.

ஒரு டவுட்டு, பசங்க யூட்யூப்ல பாத்துட்டு ஸ்பின் பாஸ் (பந்தைச் சுழல விட்டு வீசறது) கத்துக்குடுங்கன்னு உயிரை எடுக்கறாங்க. அதை எப்ப ஆரம்பிக்கலாம்? ஹூக்கர் அண்ணா சொல்லுங்க.

பந்து பத்தலன்னா, பழைய நியூஸ் பேப்பரை நீளமா உருட்டி நடுவுல தடிமனா வச்சு செல்லோ டேப் நல்லா சுத்திருங்க. பவுன்ஸ் ஆகாது, மழையில நனைஞ்சா போச்சு, ஆனா பிடிக்கப் பயப்படற பசங்களுக்கு அதுதான் பெஸ்ட், முகத்துல பட்டாலும் வலிக்காது. ஆளுக்கு ஒண்ணு வீட்ல செஞ்சு எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

பழைய_ஹூக்கர்
தம்பி, ஸ்பின் இப்ப வேணாம். ஸ்பின் எதுக்கு, தூரத்துக்கு. பத்து பதினஞ்சு மீட்டர் தாண்டி ஆள் நின்னா பந்து காத்துல அலையாமப் போறதுக்கு அது வேணும். அஞ்சு மீட்டர் கட்டத்துல ஸ்பின் போட்டா பந்து விறைப்பா வந்து விரல்ல அடிக்கும், பிடிக்கத் தெரியாத பிள்ளை ரெண்டு தரம் விரல்ல அடி வாங்கினா மூணாம் தரம் கையை இழுத்துரும். குடுக்கிறவனுக்கு ஸ்டைல், வாங்குறவனுக்குத் தண்டனை. என்னைக் கேட்டா பாஸ் நல்லதா கெட்டதான்டு முடிவு பண்றது வாங்கினவன் ஓட்டம் நின்னிச்சா நிக்கல்லயாங்கிறதுதான், பந்து எப்பிடிச் சுத்திச்சுங்கிறது இல்ல. அதைப் பிள்ளைகள் மனசுல ஏத்திட்டீங்கன்டா பாதி வேலை முடிஞ்சுது, ஏன்டா பிறகு அவன் பாஸ் பண்ண முந்தி மத்தவனைப் பாப்பான், அவன் கை ரெடியா, அவன் வேகம் என்ன, அவனால எவ்வளவு வேகமான பந்தைப் பிடிக்க ஏலும்ன்டு.

கண்டிச்சாரல்
சேர்மார் எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஓட்டம் நிக்காமப் பந்து வாங்குறதுதான் நல்ல பாஸ்னு சொன்னது மனசுல நின்னுடுச்சு. ஒரு சந்தேகம், ஃபோர்வர்ட் பாஸ் எப்பிடிப் பாக்குறது? வேகமா ஓடுற பையன் பின்னுக்குத்தான் எறியுறான் மாதிரி இருக்கு, ஆனா பந்து போய் விழுற இடம் அவன் விட்ட இடத்துக்கு முன்னால இருக்கு. புள்ளைங்க சண்டை பிடிக்கிறாங்க.

பழைய_ஹூக்கர்
விழுற இடத்தைப் பாக்காதீங்க, கையை விட்டுக் கிளம்பும்போது எந்தப் பக்கம் கிளம்பிச்சுங்கிறதைத்தான் பாக்கணும். ஓடுறவன் வேகம் பந்துலயும் இருக்கும், அதுனால பின்னால எறிஞ்ச பந்தும் விட்ட இடத்தைத் தாண்டி முன்னுக்குப் போய் விழலாம், அது சட்டப்படி சரியான பாஸ். நேர் பக்கவாட்டுலயும் குடுக்கலாம், அதுவும் சரி. சின்னப் பிள்ளைகளுக்கு விசில் கொஞ்சம் தாராளமா வைங்க.

வடமராட்சி_மாஸ்டர்
எல்லாரும் விளையாடுறதுக்கு நான் பாவிக்கிற வழி ஒண்டு சொல்லுறன். டீமில இருக்கிற எல்லாரும் ஒருக்காவாவது பந்து தொட்டால்தான் ட்ரை (பந்தோட எதிர்ப்பக்கக் கோட்டைக் கடந்து எடுக்கிற புள்ளி) கணக்கு. அவ்வளவுதான். வேகமா ஓடுற பெடியனுக்கு வேற வழியில்ல, குடுத்தே ஆகோணும்.

ஹாரோ_மிஸ்
மாஸ்டர், மன்னிக்கோணும், இதில நான் உங்களோட ஒத்துப்போகமாட்டன். நான் லண்டனில செகண்டரி ஸ்கூலில பீ.ஈ. டீச்சர், ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளையளுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் றக்பி எடுக்கிறனான். இந்த எல்லாரும் தொடோணும் எண்ட சட்டத்தை இங்கயும் கன இடத்தில பாவிக்கிறவை. என்ன நடக்குது எண்டு வடிவா நிண்டு பாருங்கோ. கெட்டிக்காரர் எல்லாம் தொட்டு முடிய கடைசியா ஒரு பிள்ளை மிஞ்சும். முழு டீமும் அந்தப் பிள்ளையைப் பாத்துக் கத்தும். மற்ற டீமுக்கும் தெரியும் இனி இவவுக்குத்தான் பந்து போகும் எண்டு, மூண்டு பேர் வந்து அவவைச் சுத்தி நிப்பினம். கடைசியில ஒருத்தர் கிட்டப் போய்க் கையில வச்சிட்டு உடன திருப்பி வாங்கிக்கொண்டு ஓடுவார். அந்தப் பிள்ளைக்குப் பந்து கிடைச்சது, ஆனா விளையாட்டுக் கிடைக்கேல்ல. வகுப்பில ஆர் பலவீனம் எண்டு ஊருக்கே அறிவிச்ச மாதிரி ஆகிப்போச்சு.

நான் செய்யிறது வேற. சக்கர நாற்காலி றக்பி பாத்திருக்கிறியளோ? 2000ஆம் ஆண்டு சிட்னி பராலிம்பிக்கில இருந்து அது பதக்க விளையாட்டு. அதில ஒவ்வொரு ஆளுக்கும் உடல் இயக்கத்தைப் பொறுத்து 0.5இல இருந்து 3.5 வரை புள்ளி குடுப்பினம், களத்தில நிக்கிற நாலு பேரின்ர புள்ளியும் சேத்து 8ஐத் தாண்டக்கூடாது. பெண் விளையாடினால் அரைப் புள்ளி கூட விடுவினம். அப்ப கூடப் புள்ளி உள்ள கெட்டிக்காரர் நாலு பேரையும் ஒண்டா இறக்க ஏலாது. குறைஞ்ச புள்ளிக்காரர் பந்தோட கனக்க ஓடமாட்டினம், அவை எதிராளியின்ர நாற்காலியை மறிச்சு வழி திறந்து விடுவினம், அந்த வேலை இல்லாட்டி கோல் விழாது. ஒருத்தரும் அவையைப் பாவம் பாத்துச் சேக்கேல்ல, அவை இல்லாமல் டீமே இல்ல. பள்ளிக்கூட விளையாட்டும் அப்பிடி அமைக்கப்படோணும் எண்டதுதான் என்ர எண்ணம்.

கண்டி சேர், உங்கட கால் இழுத்து நடக்கிற பெடியனுக்கு இதுதான் வழி. டச் றக்பியில, அதாவது ஆளைத் தொட்டாலே மறிச்ச மாதிரிக் கணக்கு எடுக்கிற றக்பியில, டமி ஹாஃப் எண்டு ஒரு இடம் இருக்கு, டச் ஆனவர் பந்தை நிலத்தில விட, பின்னுக்கு நிக்கிறவர் எடுத்துப் பிரிச்சுக் குடுப்பார். அதை டேக்குக்கும் கொண்டு வாங்கோ. டேக் ஆனால் பந்து அந்த ஹாஃபிட்ட போகோணும், லெஃப்டில ஆள் கூடவோ ரைட்டில ஆள் கூடவோ எண்டு பாத்துக் குடுக்கிறது அவற்ற வேலை. சின்னக் கட்டம் எண்டால் அவர் ஓடத் தேவையில்ல, எல்லாரும் அவரிட்டத்தான் வரோணும், பந்து எல்லாரையும் விட அவற்ற கையிலதான் கனக்கத் தரம் வரும். பாஸ் திறமையும் அங்கதான் கூட வளரும். ஆனா அவரையே எப்பவும் அங்க விடாதேங்கோ, மூண்டு நிமிசத்துக்கு ஒருக்கா ஆள் மாத்துங்கோ, இல்லாட்டி அதுவும் ஒரு மூலையாப் போயிடும். வேகமா ஓடுற பெடியங்களையும் அந்த இடத்தில விடுங்கோ, ஓடாமல் விளையாட்டை நடத்துறது எவ்வளவு கஷ்டம் எண்டு அவைக்கும் விளங்கட்டும்.

வடமராட்சி_மாஸ்டர்
மிஸ் சொல்லுறதில நியாயம் இருக்கு, ஹாஃப் யோசனை நல்லா இருக்கு, நானும் செய்து பாக்கிறன். ஆனா என்ர சட்டத்தை நான் முழுசா விடமாட்டன். எங்கட பிள்ளையள் சில பேர் முதல் தரம் பந்து தொடுறதுக்கே ஒரு தவணை எடுக்கினம், அவையைக் கூப்பிடவும் ஆள் இல்ல, அவை கேக்கவும் மாட்டினம். கட்டாயம் இருந்தால்தான் அந்த முதல் பந்து வரும். நாலு பேர் டீமில இந்தச் சட்டம் வச்சால் நீங்கள் சொல்லுற அந்த அவமானம் வராது, ஏனெண்டால் நாலு பேரில ஒளிக்க இடமில்ல, மூண்டு நாலு பாஸிலயே எல்லாரும் தொட்டு முடிஞ்சிடும். பத்துப் பேர் டீமில வைக்கிறதுதான் பிழை.

ஹாரோ_மிஸ்
நாலு பேருக்கு எண்டால் சரி, அதில எனக்குப் பிரச்சினையில்ல. டீம் சின்னனா இருக்கோணும் எண்டதில நாங்கள் எல்லாரும் ஒண்டுதான்.

பேராதனை_அம்மா
வணக்கம் சேர், மிஸ். நான் டீச்சர் இல்ல, ஆனா இதைப் படிச்சிட்டுப் பேசாம இருக்க முடியல. என் மகளுக்கும் காது குறைவு, மெஷின் போட்டிருக்கா, விளையாடும்போது கழட்டி வைக்கச் சொல்றாங்க, அப்ப ஒண்ணுமே கேக்காது. ஸ்கூல்ல டீம் கேம்னாலே அவளை ஸ்கோர் எழுத உக்கார வச்சிடறாங்க. எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பந்து கேக்கிறாங்க, இவளுக்கு அது கேக்காது, இவ கூப்பிட்டாலும் புள்ளைங்க குரலைக் கேட்டுச் சிரிக்கிறாங்கன்னு இவ வாயே திறக்கிறதில்ல. சேர் உங்க வகுப்புலயும் அப்படி ஒரு புள்ள இருக்குன்னு சொன்னீங்க. அந்தப் புள்ளைக்குன்னு தனி ரூல் போட்டுடாதீங்க, அது ரொம்ப வலிக்கும். வேற ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க, நானும் மகளோட டீச்சர்கிட்ட சொல்றேன்.

ஹாரோ_மிஸ்
அக்கா, நல்லாச் சொன்னியள், தனிச் சட்டம் வேண்டாம். நான் வகுப்பு முழுக்க வாய் மூடி விளையாட விடுறனான். மூண்டு நிமிசம், ஒருத்தரும் கதைக்கக் கூடாது, கதைச்சால் பந்து மற்ற டீமுக்கு. பந்து வேணும் எண்டால் கையை நெஞ்சு உயரத்தில வச்சுக் காட்டோணும், அதான் ஹூக்கர் அண்ணை சொன்ன அந்தப் பிடிக்கிற கை. பந்து வச்சிருக்கிறவர் தலையைத் திருப்பிப் பாத்தே ஆகோணும், பாக்காமல் குடுக்க வழியே இல்ல. சத்தம் இருக்கேக்க பிள்ளையள் சத்தம் வந்த பக்கம் கண்ணை மூடிக்கொண்டு எறியுவினம், சத்தம் இல்லாட்டித்தான் பாக்கப் பழகுவினம். இது காது கேக்காத பிள்ளைக்காகச் செய்யிற சலுகை இல்ல, எல்லாருக்கும் பாஸ் படிப்பிக்க எனக்குத் தெரிஞ்ச மிக நல்ல பயிற்சி இதுதான். அதில உங்கட மகள் மாதிரிப் பிள்ளையள்தான் முன்னுக்கு நிப்பினம், அவை நாள் முழுக்கக் கண்ணாலதான் கதை கேக்கினம்.

சேர், விசிலோட சேத்து ஒரு கையையும் தூக்குங்கோ, அல்லது கொடி வைங்கோ. விசில் கேட்ட எல்லாரும் நிக்க அந்தப் பிள்ளை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிற நிலைமை வரக்கூடாது. நீங்கள் விளங்கப்படுத்தேக்க அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாத்துக் கதையுங்கோ, வெய்யில் உங்கட முகத்தில படுற மாதிரி நில்லுங்கோ, அப்பதான் வாய் அசையிறது தெரியும். மெஷின் கழட்டுறது பற்றி அவவின்ர டொக்டரைக் கேட்டிட்டுச் செய்யுங்கோ, தாங்களா முடிவெடுக்க வேண்டாம்.

இன்னொரு சின்ன விசயம், டீமுக்குச் சிவப்பும் பச்சையும் குடுக்காதேங்கோ. அந்த ரெண்டு நிறத்தையும் பிரிச்சுப் பாக்க ஏலாத பெடியங்கள் கன பேர் இருக்கினம், அவையே அதைச் சொல்லமாட்டினம், பிழையான ஆளுக்குப் பாஸ் குடுத்துப்போட்டு ஏச்சு வாங்குவினம். நீலமும் மஞ்சளும் நல்லது.

சேப்பாக்கம்_விங்கர்
மிஸ், இந்த சைலன்ட் கேம் இந்த வாரமே ட்ரை பண்றேன். எங்க பசங்க கத்தறது தெரு முனை வரைக்கும் கேக்கும், எல்லாருமே குடு குடு குடுன்னு, பந்து வச்சிருக்கறவனுக்கு யார் சொல்றாங்கன்னே தெரியாது. அப்புறம் பேச விடும்போது ஒரு ரூல், பின்னாடி நல்ல இடத்துல இருக்கறவன் மட்டும்தான் கூப்பிடணும், லெஃப்ட்டா ரைட்டான்னு சொல்லணும், சும்மா குடுன்னு கத்தினா கணக்கு இல்ல.

மாத்தளை_தங்கச்சி
நான் ஏ.எல். படிக்கிறேன், நெட்போல் டீம்ல இருந்தேன். ஒண்ணு சொல்லலாமா சேர். பையன்களும் நாங்களும் சேந்து விளையாடும்போது டேக் இடுப்புல இருக்கிறது எங்களுக்கு சங்கடமா இருக்கும். கை தவறி உடம்புல பட்டா பையன்களும் பயப்படுவாங்க, நாங்களும் பயப்படுவோம், அதுனாலதான் நிறையப் பேர் ஓரத்துல நிக்கிறாங்க, பந்துப் பயம் மட்டும் இல்ல. அதையும் யோசிங்க.

ஹாரோ_மிஸ்
தங்கச்சி, இதைச் சொன்னதுக்கு நன்றி, பெரிய ஆக்கள் கன பேர் இதைக் கேக்கிறதே இல்ல. டேக்கை நீளமாச் செய்து ரெண்டு பக்கமும் தொடை வரைக்கும் தொங்க விட்டால் துணி நுனியைப் பிடிச்சு இழுத்தால் காணும், உடம்புக்குக் கிட்டக் கை போகத் தேவையில்ல. ட்ராக் பொட்டத்துக்கு மேல பெல்ட் கட்டோணும், ரீஷேட்டை உள்ளுக்கு விடோணும், இல்லாட்டி டேக் மறைஞ்சிடும். முதல் கொஞ்ச நாளைக்கு ஆர் ஆரோட விளையாடப் போகினம் எண்டதைப் பொம்பிளப் பிள்ளையளிட்டயே கேளுங்கோ சேர், தனியா விளையாட விரும்பினால் தனியா விடுங்கோ, பிறகு தாங்களாவே சேருவினம். சேந்து விளையாடினால்தான் எல்லாரையும் சேத்ததா அர்த்தம் எண்டு இல்ல.

பழைய_ஹூக்கர்
டக்கிள், அதான் ஆளைக் கட்டிப் பிடிச்சு விழுத்துறது, எப்ப தொடங்கப் போறீங்க சேர்? புள்ளைகள் கேக்க முந்தி நீங்க ஒரு பதில் வச்சிருக்கணும்.

கண்டிச்சாரல்
இந்த வருஷம் இல்ல அண்ணே. பயிற்சி எடுத்த கோச் இல்லாம நான் தொடமாட்டேன்.

ஹாரோ_மிஸ்
சரியான முடிவு. 2016இல இங்க 70க்கும் மேற்பட்ட டொக்டர்மாரும் ஆய்வாளரும் சேந்து பள்ளிக்கூட றக்பியில டக்கிளை நிப்பாட்டச் சொல்லி அரசாங்கத்துக்குத் திறந்த கடிதம் எழுதினவை. தடை வரேல்ல, விவாதம் இன்னும் ஓயேல்ல. நான் பாடநேரத்தில டக்கிள் எடுக்கிறதே இல்ல, பாஸும் ஓட்டமும் இடம் பாக்கிறதும் படிக்க அது தேவையில்ல. டேக்கில தலையில தலை முட்டினாலும் அந்தப் பிள்ளையை அண்டைக்குத் திரும்ப இறக்காதேங்கோ, எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

கண்டிச்சாரல்
கொஞ்ச நாளா எழுத நேரம் கிடைக்கல, தவணைப் பரீட்சை. இப்ப நடந்ததைச் சொல்றேன், ஏன்னா இத்தனை பேர் நேரம் செலவழிச்சு எழுதியிருக்கீங்க.

கட்டம் போட்டு ரெண்டுக்கு ஒண்ணு விட்டோம், அது உடனே வேலை செஞ்சுது, பேப்பர் பந்து புள்ளைங்களே செஞ்சு கொண்டு வந்தாங்க, சிலது கல்லு மாதிரி இறுக்கமா இருந்துச்சு, அதைப் பிரிச்சுத் திரும்பச் செய்ய வச்சேன். நெட்போல் புள்ளைங்களுக்கு மாஸ்டர் சொன்ன மூணடி ஓட்டம் சொன்னதும் அவங்கதான் இப்ப வகுப்புல நல்லா பந்து பிடிக்கிறவங்க, பையன்கள் தங்களோட டீமுக்கு அவங்களைக் கேக்கிறாங்க.

ஹாஃப் இடத்துல அந்தப் பையனை விட்டேன். முதல் நாள் எல்லாப் பந்தையும் அவன் கூட்டாளிக்கே குடுத்தான், மத்தவங்க கோவப்பட்டாங்க, நான் ஒண்ணும் சொல்லல. அடுத்த பாடத்துல ரெண்டு பக்கமும் பாக்கத் தொடங்கினான். இப்ப லெஃப்ட் பக்கம் காட்டிட்டு ரைட்ல குடுக்கிறான், நான் அதைச் சொல்லிக் குடுக்கவே இல்ல. ரெஃப்ரி வேலை கேட்டு வர்றதில்ல.

சத்தம் இல்லாத விளையாட்டு முதல் தரம் சரியா வரல, சிரிச்சுகிட்டே இருந்தாங்க. டீம் தெரிய மேல போடுற பிப்பை நீலமும் மஞ்சளுமா மாத்தி, அஞ்சஞ்சு பேரா குறைச்சதும் வந்துச்சு. காது கேக்காத புள்ள எங்க நிக்கணும்னு மத்தவங்களுக்குக் கை காட்டுறா. வேகமா ஓடுற ரெண்டு பேர்ல ஒருத்தன் மாறிட்டான், மத்தவன் இன்னும் மாறல, பந்து கையில வந்தா அவனுக்குக் கோடு மட்டும்தான் தெரியுது. அவனை என்ன செய்றதுன்னு யாராவது சொல்லுங்க. நல்ல பையன், திட்ட மனசு வரல.

வடமராட்சி_மாஸ்டர்
திட்டாதேங்கோ. அவன் ட்ரை வச்சால் ஒரு புள்ளி, அவன் குடுத்த பாஸில மற்றவர் ட்ரை வச்சால் மூண்டு புள்ளி எண்டு அவனுக்கும் டீமுக்கும் சொல்லுங்கோ, இதை ரெண்டு டீமிலயும் ஒவ்வொரு வேகமான ஆளுக்கு வைங்கோ. அவனுக்கு வெல்லோணும் எண்ட ஆசை இருக்கு, அந்த ஆசையை வெட்டாமல் வழியை மட்டும் மாத்தினால் காணும். அவனை மறிக்க ரெண்டு பேரை விடுங்கோ, ரெண்டு பேர் அவனிட்ட வந்தால் வேறெங்கயோ ஒருத்தர் தனிய நிக்கிறார் எண்டு அவனுக்கு விளங்கோணும்.

பழைய_ஹூக்கர்
மாஸ்டர் சொன்னதோட ஒண்டு, அவனை ஒரு மெச்சுக்கு வெளிய உக்கார வச்சு யார் தனியா நிக்கிறாங்கன்டு மட்டும் பாத்துச் சொல்லச் சொல்லுங்க. வெளிய வைக்கிறது தண்டனை இல்லன்டு முதல்லயே சொல்லிருங்க, எல்லாரும் மாறி மாறி அதைச் செய்யட்டும். இங்கிலாந்துல வயசுப் பிரிவு மெச்சுகள்ல டீமுக்கு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி நேரமாவது விளையாட்டுக் குடுக்கணும்ன்டு விதி இருக்கு, அதே மாதிரி நீங்களும் நேரம் பாத்து ஆள் மாத்துங்க, கெட்டிக்காரனுக்கும் சரி மத்தவனுக்கும் சரி.

கண்டிச்சாரல்
சரி அண்ணே, மாஸ்டர், ரெண்டையும் செய்றேன். இப்ப டேக்தான் பத்தல, இருக்கிறது கிழிஞ்சு போச்சு. சென்னை தம்பி, நீங்க துணியில செய்றதுன்னா என்ன அளவு வெட்டுறீங்க?

சேப்பாக்கம்_விங்கர்
சார், அகலம் நாலு விரல், நீளம் ஒரு அடிக்கு மேல, ஒன்றரை அடி வரைக்கும் போகலாம், அந்தத் தங்கச்சி சொன்னதுக்கு நீளமாவே வைங்க. காட்டன் வேணாம், நனைஞ்சா ஒட்டிக்கும். பழைய பாலியெஸ்டர் சேலை நல்லா வரும், ஒரு சேலையில வகுப்புக்கே வெட்டலாம். பெல்ட்ல முடிச்சுப் போடாதீங்க, இழுத்தா ஆள் விழுந்துருவாங்க, சும்மா சொருகி விடுங்க, இழுத்ததும் கையோட வரணும். ஆளுக்கு ரெண்டு, இடுப்புக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு.

பேராதனை_அம்மா
சேர், என்கிட்ட பழைய பாலியெஸ்டர் சாரி இருக்கு, நீலத்துல ஒண்ணு மஞ்சள்ல ஒண்ணு. உங்க ஸ்கூல் எங்கன்னு தனியா மெசேஜ் போடுங்க, வெட்டி ஓரம் அடிச்சே கொண்டு வந்து தர்றேன். மகளையும் கூட்டிட்டு வரலாமா? வாய் மூடி விளையாடுறதைப் பாக்கணும்னு கேக்கிறா.

கண்டிச்சாரல்
கட்டாயம் கூட்டிட்டு வாங்க அக்கா. பாக்க வேணாம், ஷூ போட்டுகிட்டு வரச் சொல்லுங்க, நீல டீம்ல ஒரு ஆள் குறையுது. மெசேஜ் போட்டிருக்கேன்.